டாவோஸில் ஒரு ஐஸ்காரி

எங்கள் பெடியங்கள் அவளை ஐஸ்காரி என்றுதான் சொன்னார்கள். டாவோஸில் நாங்கள் வேலை செய்த ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவிய யாழ்ப்பாணத்துப் பெடியங்கள் அவர்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர். நான் மூன்றாம் மாடியில் அறைகளைத் துப்புரவு செய்தேன். ஐஸ்காரி என்னோடு சோடியாக வேலை செய்தவள். கட்டிலின் ஒரு பக்கம் அவள் நிற்பாள், மறுபக்கம் நான். விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்துச் செருகிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் இவரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தோம். அவள் செக்கோஸ்லோவாக்கியாக்காரி. எங்களுக்கு முன்பே வந்து அகதி உரிமை பெற்றிருந்தாள். கட்டையாக வெட்டிய தலைமயிர், அகன்ற தோள். படியிறங்கும்போது மட்டும் ஒரு முழங்காலைக் கொஞ்சம் யோசித்து வைப்பாள்.

முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அந்த ஹோட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. நடையில் விருந்தினர் வந்தால் வேலைக்காரர் சுவரோடு ஒதுங்கி நின்று வணக்கம் சொல்ல வேண்டும். நான் ஒதுங்குவேன். அவள் ஒதுங்கமாட்டாள். நடுவாலேயே நடப்பாள், வருகிறவர் வழிவிட்டால் புன்னகைத்து நன்றி சொல்வாள். இவளால் எனக்கும் சேர்த்து ஏச்சு விழப்போகிறது என்று பயந்துகொண்டே தள்ளுவண்டியைத் தள்ளினேன்.

வேலை தொடங்குமுன் விரிப்புகள் அடுக்கும் அறைக்கு நான் கொஞ்சம் முந்திப் போவது வழக்கம். அங்கே வெப்பக்குழாய் நன்றாகச் சுடும். அந்த அறையின் யன்னலால் பார்த்தால் கீழே ஊரின் பெரிய ஐஸ் மைதானம் தெரியும். கூரை இல்லாத திறந்தவெளி. குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைப்பார்கள். ஒருநாள் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், அந்த வெறும் மைதானத்தின் மூலையில் ஒரு உருவம் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தோளைப் பார்த்ததும் அவள்தான் என்று தெரிந்துவிட்டது. எட்டு என்ற இலக்கத்தைப்போல இரண்டு வட்டம் போட்டாள். பிறகு அதே கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போனாள். நின்று, குனிந்து, கோட்டைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தொடங்கினாள்.

அவள் மேலே வந்ததும் கேட்டேன். நாங்கள் கதைத்தது உடைந்த ஜெர்மன். பாதி சொல், பாதி கை. தமிழில் எழுதும்போது அது நேராகிவிடுகிறது.

“ஏன் ஒரே வட்டத்திலை சுத்திறாய்?”

“போட்டியிலை முதல் நாள் இதுதான். நடுவர்மார் குனிஞ்சு கோட்டைப் பாப்பினம். கோடு ரெண்டாப் பிரிஞ்சால் புள்ளி போயிடும்.”

“எந்தப் போட்டிக்குப் போறாய்?”

“ஒண்டுக்கும் இல்லை. போக விடமாட்டினம்.”

“பிறகேன் இந்தக் குளிருக்குள்ளை?”

தலையணை உறையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “நான் நிப்பாட்டிப்போட்டன் எண்டு அவங்கள் நினைக்கக்கூடாது.”

யார் அந்த ‘அவங்கள்’ என்று அறிய எனக்கு அந்தக் குளிர்காலத்தின் பாதி போயிற்று. அறை அறையாக, துண்டு துண்டாகச் சொன்னாள். அவளுடைய தாய் ஒரு தொழிற்சாலை நகரத்தில் டிராம் ஓட்டினவள். வேலை நேரத்தில் பிள்ளையை விட்டுப்போக வேறு இடமில்லாமல் ஐஸ் மண்டபத்தில் விட்டுப்போவாள். அப்படித்தான் ஸ்கேட்டிங் தொடங்கியிருக்கிறது. பத்து வயதில் நகரத்துக்காகவும், பதினாறில் நாட்டுக்காகவும் ஆடினாள். ஒரே பயிற்சியாளர். அவர் பாராட்டவே மாட்டாராம். நன்றாகச் செய்தால் மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்ததைச் செய் என்பாராம்.

பிறகு அவளுடைய அண்ணன் எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்கு ஓடிவிட்டான். அதற்குத் தண்டனை இவளுக்கு வந்தது. ஐரோப்பியப் போட்டிக்குப் புறப்பட்டு விமான நிலையத்தில் நின்றபோது, அதிகாரி இவளுடைய பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். இவள் தாயின் டிராமில் வீடு திரும்பினாள். அதன்பிறகு மண்டபத்தில் பிள்ளைகளின் வகுப்பு முடிந்த இடைவெளிகளில் தனியாகப் பழகினாள். பயிற்சியாளர் அவளோடு கதைக்கக்கூடாது என்று கட்டளை. அவரும் கதைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஸ்விட்சர்லாந்தில் நடந்த ஒரு சின்னப் போட்டிக்குப் போகவிருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆள் குறைந்ததால் இவளை அனுப்பினார்கள். தாய் அங்கே இருக்கும்போது இவள் எங்கே போவாள் என்ற நம்பிக்கை. இவள் வந்தாள், ஆடினாள், இரண்டாமிடம் எடுத்தாள். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. பதக்கத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஸ்கேட்டிங் சப்பாத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலால் நடந்துவிட்டாள்.

“பதக்கத்தை ஏன் விட்டனி?”

“அது அவங்கடை. சப்பாத்து என்ரை.”

“அம்மா?”

“அம்மாதான் போ எண்டவ. இப்ப டிராம் ஓட்ட விடுறேல்லை. டிராம் கழுவுறா.” குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கண் கலங்கவில்லை. துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள், அவ்வளவுதான்.

சர்வதேசப் போட்டிகளில் அவள் ஆட வேண்டுமானால் பழைய நாட்டின் ஸ்கேட்டிங் சங்கம் அவளை விடுவிக்க வேண்டும். அவர்கள் விடுவிக்கவில்லை. ஸ்விஸ் குடியுரிமைக்கோ இன்னும் நெடுங்காலம் இருந்தது. ஊர் ஊராகப் போய் ஐஸில் வேடிக்கை ஆட்டம் ஆடும் ஒரு குழு அவளைக் கூப்பிட்டது. இறகு வைத்த உடுப்பு, நல்ல சம்பளம். அவள் மறுத்துவிட்டாள். “நான் போட்டிக்காரி” என்றாள். போட்டி இல்லாத போட்டிக்காரி. இவளுக்கு விசர் என்றுதான் அன்று நினைத்தேன்.

தை மாதம் ஐஸ் மைதானத்தில் ஒரு காட்சி நிகழ்ச்சிக்காகப் பல நாட்டு ஸ்கேட்டர்கள் வந்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாக் குழு எங்கள் ஹோட்டலுக்கு வந்தது. எங்கள் மாடிக்கே வந்தது. நாலைந்து இளம் பிள்ளைகள், உரோமத் தொப்பி போட்ட ஒரு அதிகாரி, பிறகு அந்தப் பயிற்சியாளர். பெட்டிகளோடு அவர்கள் நடையில் வந்தபோது அவள் அடுக்கிய துவாய்களோடு எதிரே போனாள். வழக்கம்போல நடுவாலே. பயிற்சியாளரின் கை பெட்டியின் பிடியை இறுக்கியதைக் கண்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று பின்னேரமே ஹோட்டல் டிரெக்டர் அவளைக் கூப்பிட்டார். என்னையும் கூடவே நிற்கச் சொன்னார். அவர் கெட்ட மனிதரல்ல. தொந்தரவு வேண்டாம் என்று நினைப்பவர்.

“இந்தக் கிழமை நீ நிலவறையில் சலவைப் பகுதியில் வேலை செய். அவர்கள் போனதும் மேலே வரலாம். எல்லோருக்கும் அமைதி.”

“என்ரை வேலை மூன்றாம் மாடியில்.”

“அவர்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள்.”

“என்னவாம்? கட்டில் சரியா விரிக்கேல்லையாமோ?”

யோசித்து நடந்துகொள் என்று மட்டும் சொல்லி டிரெக்டர் அனுப்பினார்.

மறுநாள் காலை அவள் யோசித்து நடந்துகொண்டாள். நேரே போய் அந்த அதிகாரியின் கதவைத் தட்டினாள். நான் வண்டியோடு பின்னால் நின்றேன். அவர் உள்ளங்கியோடு கதவைத் திறந்தார். இவள் தன் மொழியில் மிகவும் மரியாதையாக ஏதோ கேட்டாள். அவர் முகம் சிவந்துபோய், ஜெர்மனில் “நைன்”, வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“என்ன கேட்டனி?”

“துவாய் மாத்தோணுமோ எண்டு கேட்டன். பாவம், மனுசன் சொந்தப் பாஷையை மறந்துபோனார்.”

சலவைக் கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல்தரம். என்னுடைய பயம் அந்தச் சிரிப்போடு கொஞ்சம் கரைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்களுடைய பயிற்சி பின்னேரங்களில் நடந்தது. மைதானத்தின் ஒரு பாதியைக் கயிறு கட்டி அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மறுபாதி பொதுச் சனத்துக்கு. எங்கள் ஓய்வு நாளன்று அவள் சொன்னாள்: “நான் மைதானத்துக்குப் போறன். என்ரை குளிர்கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிப்பியோ?”

இவரிடம் சொன்னதும் இவருக்குக் கோபம் வந்தது.

“உமக்கென்ன விசரோ? எங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை. பிரச்சினைப்பட்ட ஆக்கள் எண்டு எழுதிப்போட்டால்? அவளுக்குப் பெர்மிட் இருக்கு. உமக்கென்ன இருக்கு?”

“கோட்டைப் பிடிக்கப் பெர்மிட் வேணுமோ?”

“பகிடி விடாதேயும்.”

“பகிடி இல்லை. சுவரோடை ஒட்டி ஒட்டி எனக்கு முதுகு நோகுது. நான் போட்டு வாறன்.”

இவர் தன் கம்பளிக் கையுறையை எடுத்து எனக்காக மேசையில் வைத்தார்.

வெயில் எறித்தாலும் காது விறைக்கும் குளிர். நான் ஓரத்துத் தடுப்புப் பலகையோடு நின்றேன். பொதுப் பக்கத்தில் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் ஒரு செக் பிள்ளை இசைக்கு ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடைய இசை முடியும்வரை ஐஸ்காரி காத்திருந்தாள். முடிந்ததும் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். உள்ளே சிவப்புக் கம்பளிச் சட்டை. நடுவுக்குப் போய்க் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். பிறகு தொடங்கினாள்.

இசையில்லை. ஐஸை இரும்பு கீறும் சத்தம் மட்டும். அவளை விமான நிலையத்தில் தடுத்த வருடத்துக்காகப் பழகிய ஆட்டம் அது என்று பிறகு சொன்னாள். ஒருநாளும் யார் முன்னாலும் ஆடாதது. அவ்வளவு வேகமாக ஒரு மனிசி போவதை நான் அதுவரை கண்டதில்லை. அழகு என்று சொல்ல வராது. சண்டைக்குப் போகிறவளைப்போல இருந்தது. பிள்ளைகளை இழுத்துத் திரிந்த தாய்மார் தாங்களாகவே ஓரத்துக்கு விலகினார்கள்.

உரோமத் தொப்பிக்காரர் கையைத் தட்டித் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர்கள் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். ஒருத்தி மட்டும் கைக்கண்ணாடியை எடுத்துத் தலைமயிரைச் சரிசெய்வதுபோல வைத்துக்கொண்டு அதற்குள்ளால் பார்த்தாள். பயிற்சியாளர் திரும்பவில்லை. கயிற்றருகில், கோட்டுப் பைகளுக்குள் கையை விட்டபடி, நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய தாவல் ஒன்று. எழும்பினாள், சுழன்றாள், இறங்கும்போது கால் நழுவித் தொடையடிக்க விழுந்தாள். பலகை அதிர்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதுதான் அந்தக் கிழப் பயிற்சியாளரின் குரல் கேட்டது. ஒரேயொரு சொல், கோபமாக, மைதானம் முழுக்க. அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவள் எழும்பினாள். பனித்தூளைத் தட்டாமலே ஒரு பெரிய சுற்றுப் போய் வந்து அதே இடத்தில் அதே தாவலை எடுத்தாள். இம்முறை கால் நின்றது. கை விரிந்து பின்பக்கமாக நீளமாகப் போனாள். கிழவர் மூக்கைச் சிந்தினார். அதிகாரி அவருடைய முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

ஓரத்தில் நின்ற இரண்டு ஸ்விஸ் முதியவர்கள் கையுறையோடு கைதட்டினார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அந்தாள் என்ன சொல்லிக் கத்தினது?”

“தோள்.” கோட்டைப் போட்டுக்கொண்டாள். “எப்பவும் என்ரை இடத்தோள் முந்தித் திரும்பிப்போகும். சின்னனிலையிருந்து.” அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் அவளுடைய சிவப்புச் சட்டையின் பனித்தூளைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் டிரெக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் கை ஊன்றி, என்னைத்தான் முதலில் கேட்டார்.

“நீயும் அங்கே நின்றாயா?”

இல்லை என்று சொல்லலாம் என்பதுபோல அவருடைய முகம் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அகதி விண்ணப்பக்காரருக்குப் பதிலாக ஆள் எடுப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். காலையில் விரிப்பு அறையில் மனப்பாடம் செய்திருந்த ஜெர்மன் வசனம் என் வாயிலிருந்து வந்தது.

“ஓம், நான் நின்றேன். அது பொது இடம். அது எங்கள் ஓய்வு நாள். இவளை வேலையிலிருந்து நிறுத்தினால் நானும் நிற்கமாட்டேன்.”

கடைசி வசனத்தை நான் மனப்பாடம் செய்திருக்கவில்லை. அது தானாக வந்தது. இலக்கணம் பிழையாக இருந்திருக்கலாம்; டிரெக்டருக்கு விளங்கியது.

எங்களைக் காப்பாற்றியது நியாயமல்ல, சனக்கூட்டம்தான். மாடிகளுக்குப் பொறுப்பான அம்மா உள்ளே வந்து, ஹோட்டல் நிறைந்திருக்கும் நேரத்தில் இரண்டு பேரை இழந்தால் தானே கட்டில் விரிக்க வேண்டிவரும், அது தன்னால் ஏலாது என்று சத்தம் போட்டார். பனிக்காலம் முடியும்வரை இருந்தோம். முடிந்ததும் இருவருக்கும் மறுபடி வேலை கொடுக்கவில்லை. வெளியேறும் நாளன்று நடையில் ஒரு விருந்தினர் எதிரே வந்தார். நான் நடுவாலேயே போனேன்.

அவளுக்கு பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு ஸ்கேட்டிங் சங்கம் அவளைச் சேர்த்துக்கொண்டது. மாலையில் பிள்ளைகளுக்குப் பழக்கினாள். எங்களுக்கோ கன்டோன், அதாவது மாநிலம், மாற அனுமதி இல்லை. இவர் கூர் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்தார்; நான் அங்கேயே சலவையில். அடுத்த வருடம் எங்கள் விண்ணப்பத்தை நிராகரித்துப் பதில் வந்தது. மேன்முறையீடு செய்தோம். போகச் சொன்னால் போகவேண்டியதுதானே என்று சொன்னவர்களோடு நான் கதைப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “வாற சனிக்கிழமை எனக்குப் போட்டி. வாங்கோ.”

ரயிலேறி பீலுக்குப் போனோம். அது பிராந்தியச் சங்கங்களுக்கிடையிலான சின்னப் போட்டி. குடியுரிமை கேட்காத போட்டி அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. உடுப்பு மாற்றும் அறையில் பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் பட்டு ரிப்பன்களோடு இருந்தார்கள். நடுவில் முப்பதை நெருங்கிய இவள், முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டு.

எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாய் பக்கத்தவளிடம், “இவளுக்கு வெட்கமில்லையா, என் மகளின் வாத்தியாரம்மா வயது” என்று உரக்கவே சொன்னாள். நான் வாயைத் திறக்கமுன் இவர் குனிந்தார். டாவோஸில் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்த அதே மனிசன், முழு மண்டபமும் திரும்பும் அளவுக்குச் சொன்னார்:

“வெட்கம் எதுக்கு? நீங்கள் இறங்கி ஆடிக் காட்டுங்கோ!”

இவருக்கு ஜெர்மனில் அவ்வளவு வரும் என்பதே எனக்குத் தெரியாது. அந்தத் தாய் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஆடினாள். டாவோஸில் பார்த்த வேகம் இல்லை. அந்தப் பெரிய தாவலில் மறுபடியும் விழுந்தாள். விழுந்தால் அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்; திரும்பச் செய்வதற்குப் புள்ளி கிடையாது. அவள் சுற்றி வந்து திரும்பச் செய்தாள். இசை முடிந்த பிறகும் செய்தாள். நடுவர் மணியடித்தார். அவள் ஒற்றைக் காலில் இறங்கி, நீளமாகப் பின்னால் போய், நின்று, நடுவர்களுக்கு முறைப்படி வணங்கினாள். அதற்காகப் புள்ளி குறைத்தார்கள். ஐந்தாமிடம் வந்தது.

போட்டி முடிந்து அவளுடைய சின்ன வீட்டில் உருளைக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டோம். மகிழ்ச்சியில் அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. “நான் அஞ்சாவது!” என்று கரண்டியைத் தூக்கித் தூக்கிச் சொன்னாள். இரண்டாமிடத்துப் பதக்கத்தை விட்டு வந்தவள் அவள்.

மூன்று பனிக்காலம் அப்படிப் போட்டியிட்டாள். ஒருமுறை மூன்றாமிடமும் எடுத்தாள். நான்காம் வருடம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள்; இனிக் குதிக்கக்கூடாது என்றார்கள். குதிக்காமல், வட்டக் கோடுகளை மட்டும் போடும் பகுதிக்கு அவள் பெயர் கொடுத்தாள். எங்களுக்கும் ஒருவழியாக இருக்க அனுமதி கிடைத்தது. தந்தார்கள் என்று நான் சொல்வதில்லை, எடுத்தோம்.

அந்தப் பத்தாண்டின் கடைசிக் கார்த்திகையில் அவளுடைய நாட்டில் சனம் தெருவுக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உடனே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். தாயோடு கதைத்துவிட்டதாகச் சொன்னாள். தாய் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டாள், ஆனால் இன்னும் ஒருமுறை டிராம் ஓட்டாமல் போகமாட்டேன் என்று அங்கே சண்டை பிடிக்கிறாளாம்.

“நீ திரும்பிப் போவியோ?” என்று கேட்டேன்.

“அம்மாவைப் பாக்கப் போவன். நான் பழகின மண்டபத்துக்கு, பார்வையாளர் இருக்கையிலை இருக்க எண்டால் போகமாட்டன்.” இன்னொன்றும் சொன்னாள்: “சப்பாத்தின்ரை இரும்பைக் கூர் தீட்டக் குடுத்திருக்கிறன். வெள்ளிக்கிழமை தருவாங்கள்.”